மூக்கில் குடியிருக்கும் கிருமி: தடுப்பூசியும் ஆன்டிபயாடிக்கும் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று எழுதியிருந்தேன். அதில், மருந்துக்கு அடங்காத கிருமிகள் குறையத் தடுப்பூசியும் ஒரு காரணம் என்று ஒரு வரி வந்தது. வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பவை. அதனால் இந்த முறை பதில்கள் முழுக்க அதைப் பற்றித்தான். நான் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் நுண்ணுயிரியல் மருத்துவர். மருந்துச் சீட்டு எழுதுவது என் வேலை இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்த மருந்து என்பதை அவனை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கிருமிகள் எப்படி மாறுகின்றன என்பதை என்னால் சொல்ல முடியும்.

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு ஒன்றரை வயது. நிமோகாக்கஸ் தடுப்பூசி எல்லாத் தவணையும் போட்டாயிற்று. ஆனாலும் அடிக்கடி சளி, இருமல். போன வாரம் காதில் சீழ் வேறு வந்துவிட்டது. ஊசி வேலை செய்யவில்லையா?
— ஓர் இளம் தாய்

வேலை செய்கிறதம்மா. சளி பிடிப்பதை வைத்து இந்த ஊசியை எடைபோடாதீர்கள். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது; நிமோகாக்கஸோ ஒரு பாக்டீரியா, அதன் ஊசிக்கும் சளிக்கும் சம்பந்தமில்லை. இந்த ஊசி தடுக்க வந்தது நிமோனியாவை, மூளைக்காய்ச்சலை, கிருமி ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் பரவுவதை. காம்பியா நாட்டில் 9 வகை நிமோகாக்கஸுக்கான தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கான நிமோனியா 37 விழுக்காடு குறைந்திருந்தது. எந்தக் காரணத்தாலும் நேர்ந்த குழந்தை இறப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், அதுவும் 16 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே ஒரு கிருமியின் சில வகைகளைத் தடுத்ததற்கு இவ்வளவு பலன். இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

‘சில வகைகள்’ என்றேன் அல்லவா, அதை விளக்கிவிடுகிறேன். மற்ற பதில்களுக்கெல்லாம் அதுதான் அடிப்படை.

நிமோகாக்கஸைச் சுற்றி சர்க்கரைப் பொருளால் ஆன வழவழப்பான உறை ஒன்று உண்டு. நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் அந்தக் கிருமியை எளிதில் விழுங்க முடியாமல் காப்பது அந்த உறைதான். உறையின் அமைப்பு கிருமிக்குக் கிருமி வேறுபடும். இதுவரை 100-க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் வகை பார்க்கும் பழைய முறை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடிச் சில்லில் கிருமி கலந்த நீர் ஒரு துளி. அதன் மேல் குறிப்பிட்ட வகைக்கான எதிர்ப்பொருள் (கிருமியைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதம்) கலந்த ரத்தநீர், அதாவது சீரம், ஒரு துளி. நுண்ணோக்கியில் பார்த்தால், சீரம் கிருமியின் வகைக்குப் பொருந்தாதபோது இரட்டை இரட்டையாகக் கிருமிகள் தெரியும், வேறொன்றும் நடக்காது. பொருந்திவிட்டால் கண் முன்னாலேயே ஒவ்வொரு ஜோடியைச் சுற்றியும் உறை பருத்ததுபோல் தெளிவாக எழுந்து நிற்கும். 14-ஆம் வகைக்கான எதிர்ப்பொருள் 14-ஆம் வகையைத்தான் பிடிக்கும், 3-ஐத் தொடாது. தடுப்பூசி உங்கள் மகனின் உடம்பில் உண்டாக்குவதும் இதே எதிர்ப்பொருளைத்தான். 10 வகைக்கான ஊசி, 13-க்கானது, 15, 20 என்று எண் கூடிக்கொண்டே போவது இதனால்தான். எண்ணில் இல்லாத வகைகளுக்கு ஊசி பொறுப்பேற்காது.

இனி காதுக்கு வருவோம். குழந்தைகளின் நடுக்காதுச் சீழுக்கு முக்கியமான பாக்டீரியாக்கள் மூன்று: நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே, மொராக்ஸெல்லா. ஊசி முதல் கிருமியில் சில வகைகளை மட்டும் விலக்குகிறது. அதனால் காது நோய் அடியோடு ஒழியாது. ஆனால் எந்தக் கிருமி எவ்வளவு என்ற பங்கு மாறுகிறது. ஊசி பரவலான நாடுகளில் காதுச் சீழில் ஹீமோஃபிலஸின் பங்கு கூடியது. இது மருந்தையும் பாதிக்கும் சங்கதி. ஹீமோஃபிலஸில் பல, பெனிசிலின் குடும்ப மருந்துகளை உடைக்கும் நொதியைச் சுரப்பவை. அதை முடக்க அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ப்பார்கள். நிமோகாக்கஸ் அந்த நொதியைச் சுரப்பதே இல்லை, அதனிடம் கிளாவுலனிக் அமிலத்துக்கு வேலையும் இல்லை. உங்கள் குழந்தை மருத்துவர் இந்த முறை வேறு மருந்து எழுதியிருந்தால், இப்படி ஒரு கணக்கு அதன் பின்னால் இருக்கலாம்.

கேள்வி: ஒரு வகையைத் தடுத்தால் வேறு வகை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று படித்தேன். அப்படியானால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதானே? என்ன பிரயோஜனம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ஐயா, நீங்கள் படித்தது உண்மை. அதிலிருந்து நீங்கள் எட்டிய முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

நிமோகாக்கஸின் வழக்கமான இருப்பிடம் நுரையீரல் அல்ல. மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதி. அதிலும் சிறு பிள்ளைகளின் மூக்குதான் அதற்கு உகந்த இடம். அங்கே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். அங்கிருந்து எப்போதாவது நுரையீரலுக்கோ காதுக்கோ ரத்தத்துக்கோ இறங்கும்போதுதான் நோய். இப்போது யோசித்துப் பாருங்கள்: குழந்தைக்குக் காது வலி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு என்று எதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அது மூக்கில் இருக்கும் நிமோகாக்கஸையும் தாக்கும். யாரோ செய்த குற்றத்துக்கு இது அடி வாங்குகிறது. அடியில் தப்பியது எதுவோ அது பெருகும். 6பி, 9வி, 14, 19எஃப், 23எஃப் ஆகிய வகைகள் குழந்தைகளின் மூக்கில் நீண்ட காலம் தங்குபவை. ஆகவே அதிக அடி வாங்கியவையும் அவைதான், அதிக எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டவையும் அவைதான்.

2000-ல் அமெரிக்காவில் நிமோகாக்கஸுக்கான முதல் கூட்டுத் தடுப்பூசி வந்தது. கிருமியின் உறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்ததால் கூட்டு என்கிறோம். வெறும் சர்க்கரையை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு சரியாக அடையாளம் காணாது; புரதத்தோடு இணைத்தால் காணும், நினைவிலும் வைத்துக்கொள்ளும். இன்னொரு பலனும் உண்டு. இந்த ஊசி நோயைத் தடுப்பதோடு நில்லாமல், கிருமி மூக்கில் வந்து ஒட்டுவதையும் குறைக்கிறது. முதல் ஊசியில் இருந்த ஏழு வகைகளில் ஐந்து, நான் மேலே சொன்ன அந்த ஐந்துதான். நோய் அதிகம் உண்டாக்குபவை எவை என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவையே மருந்துக்கு அடங்காதவையாகவும் இருந்தன.

பலன் என்ன? 1999-க்கும் 2004-க்கும் இடையில், பெனிசிலினுக்கு முழுதாகக் கட்டுப்படாத நிமோகாக்கஸால் வரும் தீவிர நோய் அமெரிக்காவில் ஒரு லட்சம் பேருக்கு 6.3 என்பதிலிருந்து 2.7 ஆக இறங்கியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 70.3-லிருந்து 13.1. புதிய ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமல், மருந்து எதிர்ப்பு இப்படிக் குறைந்தது எங்கள் துறையில் பெரிய விஷயம்.

அப்புறம்தான் நீங்கள் சொல்லும் கதை. வீட்டைக் காலி செய்து ஒருவர் போனால் வேறொருவர் குடிவருவதுபோல, மூக்கில் ஊசியில் இல்லாத வகைகள் வந்து குடியேறின. அவற்றில் முதன்மையானது 19ஏ. அதே காலத்தில் அமெரிக்காவின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 19ஏ-வால் வந்த தீவிர நோய் ஒரு லட்சத்துக்கு 2.0-லிருந்து 8.3 ஆக ஏறியது. அதிலும் பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் அடங்காத ஒரு பரம்பரை பெருகியது. ‘பார், தடுப்பூசியால் வந்த வினை’ என்று பலர் எழுதினார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொரியாவிலும் இஸ்ரேலிலும் அந்தத் தடுப்பூசி வழக்கத்துக்கு வருவதற்கு முன்பே 19ஏ கூடத் தொடங்கியிருந்தது. ஊசி இல்லாத இடத்தில் அதைத் தூக்கிவிட்டது எது? ஆன்டிபயாடிக் பயன்பாடு முக்கியமான காரணம் என்றே ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தடுப்பூசி இடத்தைக் காலி செய்கிறது. அந்த இடத்தில் மருந்துக்கு அடங்கும் வகை வருகிறதா, அடங்காத வகை வருகிறதா என்பதை நாம் விழுங்கும் மாத்திரைகள் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஊசி போட்டுவிட்டு ஆன்டிபயாடிக்கை முன்போலவே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தால், வருகிற புது வகையும் சில ஆண்டுகளில் பழையதைப் போலவே பழகிவிடும்.

2010-ல் 13 வகை ஊசி வந்தது; அதில் 19ஏ-வைச் சேர்த்தார்கள். அதன் பிறகு 19ஏ நோய் மளமளவென்று சரிந்தது. அடுத்து 35பி போன்றவை தலைகாட்டின. இங்கிலாந்தில் முதியவர்களிடம் 8, 9என், 12எஃப் கூடின. ஆக, இடம் நிரம்பத்தான் செய்கிறது. ஆனால் வந்தவை எல்லாம் போனவற்றின் அளவுக்குக் கொடியவை அல்ல. பல வகைகள் மூக்கில் இருக்கும், நோயாக மாறுவது குறைவு. அதனால்தான் குழந்தைகளிடம் தீவிர நிமோகாக்கஸ் நோயின் மொத்தக் கணக்கு ஊசிக்கு முந்தைய நிலைக்குத் திரும்பவில்லை. முதியவர்களிடம் சில நாடுகளில் லாபத்தின் ஒரு பெரிய பங்கைப் புது வகைகள் தின்றுவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றீர்கள். ஆமாம், ஓட வேண்டியிருக்கிறது. ஓடிய ஒவ்வோர் ஆண்டும் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா.

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்கிறது. தடுப்பூசிக்கும் அப்படியே பழகாதா?
— கல்லூரி மாணவி

நல்ல கேள்வி. பழகும், ஆனால் மிகவும் கடினப்பட்டு.

ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது உடம்பில் கிருமி ஏற்கெனவே கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அத்தனை கோடியில் ஒன்றிரண்டு தற்செயலாக மாறியிருந்தாலும் போதும், மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு வழிவிடும். தடுப்பூசி போட்ட உடம்பில் கிருமி நுழையும் கணத்திலேயே, எண்ணிக்கை சொற்பமாக இருக்கும்போதே பிடிபடுகிறது. மாறுவதற்கு அவகாசம் குறைவு. எதிர்ப்பொருள்களும் ஒரே இடத்தில் அடிப்பவை அல்ல, பல இடங்களில் பிடிப்பவை.

இருந்தாலும் நிமோகாக்கஸ் சாமர்த்தியசாலி. பக்கத்தில் செத்துக் கிடக்கும் உறவுக் கிருமியின் டிஎன்ஏ-வை அப்படியே உள்ளே இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். 1928-ல் ஃப்ரெடெரிக் கிரிஃபித் எலிகளில் கண்டது இதைத்தான். 1944-ல் ஏவரி குழுவினர், மரபுப் பண்பைச் சுமப்பது டிஎன்ஏ என்று காட்டியதும் இதே கிருமியில்தான். பெனிசிலின் எதிர்ப்பையும் இப்படித்தான் அது சம்பாதித்தது: பெனிசிலின் வந்து ஒட்டும் புரதங்களின் மரபணுவில், தொண்டையில் வாழும் அக்கம்பக்கத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டுக்கொண்டது. உறைக்கான மரபணுவையும் சில சமயம் மாற்றிக்கொள்கிறது. மருந்து எதிர்ப்பெல்லாம் அப்படியே இருக்க, உறை மட்டும் ஊசியில் இல்லாத வகையாக மாறிவிடும். உங்களுக்கு இந்தத் துறையில் ஆர்வம் இருந்தால் மரபணு வரிசை படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வகையை மட்டும் பார்க்கிற காலம் போய்விட்டது. உறைக்கு உள்ளே எந்தப் பரம்பரை ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை.

கேள்வி: என் தகப்பனாருக்கு நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிப்போர்ட்டில் பெனிசிலினுக்கு நேராக இரண்டு வரி இருந்தது. ஒன்றில் எதிர்ப்பு உண்டு, மற்றொன்றில் மருந்து கேட்கும் என்று. டாக்டர் பெனிசிலின் குடும்ப ஊசியே போட்டார், அப்பா குணமாகி வந்துவிட்டார். ரிப்போர்ட் தப்பா?
— ஒரு வாசகர்

ரிப்போர்ட் சரி, உங்கள் மருத்துவர் படித்ததும் சரி. அந்த இரண்டு வரிக்கும் முன்னால் சிறிய எழுத்தில் ஏதோ இருந்திருக்குமே, பார்த்தீர்களா? ஒன்று மூளைக்காய்ச்சலுக்கான அளவுகோல், மற்றது மற்ற நோய்களுக்கானது.

ஊசி வழியாகப் போகும் பெனிசிலின் நுரையீரலில் தாராளமாகச் சேரும். மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் கொஞ்சம்தான் நுழையும். அதனால் ஆய்வகம், கிருமி வளராமல் நிறுத்த எவ்வளவு மருந்து தேவை என்று அளந்து, இரண்டு கோடுகளோடு ஒப்பிடுகிறது. மூளைக்காய்ச்சல் என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 0.06 மைக்ரோகிராமுக்குள் கிருமி அடங்க வேண்டும். நிமோனியா என்றால் 2 மைக்ரோகிராம் வரை போகலாம். உங்கள் அப்பாவின் கிருமி நடுவில் எங்கோ இருந்திருக்கிறது. அதே கிருமி மூளையில் வந்திருந்தால் அதே மருந்து போதாமல் போயிருக்கும்.

அமெரிக்காவில் இந்த இரட்டைக் கோடு 2008-ல் வந்தது; அதற்கு முன் எல்லாவற்றுக்கும் 0.06 தான். ஆகையால் 2008-க்கு முந்தைய எதிர்ப்புக் கணக்கையும் பிந்தைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘ஆஹா, எதிர்ப்பு குறைந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் எந்தக் கோட்டை வைத்து அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நான் மேலே கொடுத்த 1999–2004 கணக்கு பழைய ஒரே கோட்டில் அளந்தது.

கேள்வி: ஃப்ளூ ஊசி வைரஸுக்கு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு. இரண்டையும் நீங்கள் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?
— மருந்தாளுநர் ஒருவர்

உடம்பிலேயே அவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பதால். இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பூச்சைச் சிதைக்கிறது. தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய முடிகள் செயலற்றுப் போகின்றன. மூக்கில் சும்மா இருந்த நிமோகாக்கஸ் கீழே இறங்க வழி திறக்கிறது. 1918 கொள்ளை நோயில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அவற்றை மறுபடி எடுத்து ஆராய்ந்த முடிவு 2008-ல் வெளியானது: பெரும்பாலானோரை முடித்துவிட்டது வைரஸுக்குப் பின்னாலேயே வந்த பாக்டீரியா நிமோனியா.

இது ஒரு வழி. இன்னொன்று உங்கள் கவுன்ட்டரில் நீங்களே பார்ப்பது. ஃப்ளூ காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, ஆனாலும் எத்தனை சீட்டுகளில் வருகிறது! காய்ச்சலே வராவிட்டால் அந்தச் சீட்டும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2000-ல் ஆறு மாதம் தாண்டிய எல்லோருக்கும் ஃப்ளூ ஊசியை இலவசமாக்கியது. அதன் பின், ஃப்ளூவோடு தொடர்புடைய சுவாச நோய்களுக்கான ஆன்டிபயாடிக் சீட்டுகள், மற்ற மாகாணங்களோடு ஒப்பிட்டால், சுமார் 64 விழுக்காடு குறைந்தன.

கோவிட் காலத்தில் நடந்ததும் இதற்குச் சாட்சி. 2020-ல் பல நாடுகளில் தீவிர நிமோகாக்கஸ் நோய் சட்டென்று விழுந்தது. இஸ்ரேலில் குழந்தைகளின் மூக்கைத் துடைத்துப் பார்த்தார்கள். கிருமி ஏறக்குறைய வழக்கம்போல் அங்கேயே இருந்தது. காணாமல் போயிருந்தவை ஃப்ளூவும் ஆர்எஸ்வி போன்ற மற்ற சுவாச வைரஸ்களும்தான். வைரஸ் வழிவிடாமல் நிமோகாக்கஸ் கீழே இறங்குவது எவ்வளவு அரிது என்று அப்போது நன்றாகத் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஆர்எஸ்வி ஊசி போட்டுப் பார்த்த ஒரு பரிசோதனையில், பிறந்த குழந்தைகளுக்கு முதல் மூன்று மாதத்தில் எழுதப்பட்ட ஆன்டிபயாடிக் சுமார் 13 விழுக்காடு குறைந்தது. எந்த பாக்டீரியாவையும் தொடாத ஊசி அது.

கேள்வி: குழந்தைகள் வார்டில் நான் வேலை பார்த்த காலத்தில் ஹீமோஃபிலஸ் மூளைக்காய்ச்சல் என்று எத்தனையோ பிள்ளைகள் வருவார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் காது கேட்காமல் போனது. இப்போது அந்தப் பெயரையே காணோம். அந்தக் கிருமி ஒழிந்துவிட்டதா?
— ஓய்வுபெற்ற செவிலியர்

சகோதரி, உங்கள் கடிதத்தை எங்கள் ஆய்வகத்து இளைஞர்களுக்குப் படித்துக் காட்டினேன். அவர்களில் பலர் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து இந்தக் கிருமி வளர்ந்ததைப் பார்த்ததே இல்லை. ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழான ரத்த அகார் தட்டில் அது தானாக வளராது. குறுக்கே ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை ஒரு கோடாகத் தேய்த்துவிட்டால், அந்தக் கோட்டை ஒட்டி மட்டும் பனித்துளி அளவில் வரும். இப்போது பாடம் நடத்துவதற்காகச் சேமிப்பிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டுகிறோம். எனக்கு அதைவிட மகிழ்ச்சி தருவது வேறில்லை.

கிருமி ஒழியவில்லை. இதற்கும் உறை வகைகள் உண்டு; அதில் பி வகை உறை கொண்டது மட்டும், அந்த வகைக்கான ஊசி போடும் இடங்களில் மூக்கை விட்டே விலகிவிட்டது. அமெரிக்காவில் ஊசிக்கு முன் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 20,000 பிள்ளைகளை ஆண்டுதோறும் தாக்கிக்கொண்டிருந்த நோய், 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 1974-லேயே ஆம்பிசிலினை மீறிய பி வகைகள் வரத் தொடங்கியிருந்ததும், அதனால் குளோராம்ஃபெனிகால் போன்ற ஆபத்தான மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சிக்கலைத் தீர்த்தது மேலும் வலுவான மருந்து மட்டுமல்ல. நோயே வராமல் போனது. உறையில்லாத ஹீமோஃபிலஸை இந்த ஊசி தொடாது. முதல் கேள்வியில் காதில் சீழ் வைக்கிறது என்று சொன்னேனே, அது பெரும்பாலும் அந்த ரகம்தான். வட அமெரிக்காவின் வடகோடியில் வாழும் பழங்குடிக் குழந்தைகளிடம் ஏ வகை கூடியிருக்கிறது. அதற்கும் ஊசி தேவைப்படுகிறது.

கேள்வி: போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இந்த இருமலுக்கும் கொடுக்கலாமா?
— பெயர் குறிப்பிடாத வாசகி

கூடாது. கலக்கிய சிரப்புக்கு ஆயுள் சில நாள்கள்தான், அது கெட்டிருக்கும். கெடாவிட்டாலும், இந்த இருமல் வைரஸாக இருந்தால் அந்தச் சிரப் உங்கள் பிள்ளையின் மூக்கில் எதிர்ப்புள்ள கிருமிக்குத்தான் உதவும். பிள்ளை வேகமாக மூச்சு விட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே கொண்டுபோங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. பேரனுக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறது. நான் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டுமா? 23 வகை, 20 வகை, 21 வகை என்கிறார்கள். அதிக எண்தானே நல்லது?
— ஒரு தாத்தா

பேரன் போட்டுக்கொண்டது உங்களையும் காக்கிறது, அது உண்மை. பெரியவர்களுக்கு நிமோகாக்கஸ் வந்து சேருவது பெரும்பாலும் சின்னவர்களின் மூக்கிலிருந்து. நான் முன்பு சொன்ன அமெரிக்கக் கணக்கில், குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போட்ட காலத்தில், 65 வயது தாண்டியவர்களிடம் பெனிசிலினுக்குக் கட்டுப்படாத நிமோகாக்கஸ் நோய் ஒரு லட்சத்துக்கு 16.4-லிருந்து 8.4 ஆகப் பாதியானது. தாத்தா பாட்டிகள் தங்கள் கையில் ஒரு ஊசியும் வாங்காமல் கிடைத்த பலன்.

ஆனால் மூக்கில் புது வகைகள் குடியேறிய பிறகு அந்தப் பாதுகாப்பு மட்டும் போதாது. உங்கள் வயதுக்கும் சர்க்கரை நோய்க்கும் சொந்தமாக ஒன்று தேவை, மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூ ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள்.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1983-ல் வந்த 23 வகை ஊசி வெறும் சர்க்கரை உறையால் ஆனது, புரதம் சேர்க்காதது. கிருமியை உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளச் செய்யாது, மூக்கில் கிருமி ஒட்டுவதையும் அவ்வளவாகத் தடுக்காது. 15, 20, 21 வகை ஊசிகள் கூட்டு வகையைச் சேர்ந்தவை. ஊசியில் பெயர் இருந்தும் அவ்வளவாக அடங்காத வகையும் ஒன்று இருக்கிறது: 3-ஆம் வகை. கல்ச்சர் தட்டில் அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், மற்றவை காய்ந்து நடுவில் குழிவிழுந்திருக்க, இது கொழகொழவென்று பளபளப்பாகப் பரந்து கிடக்கும். அவ்வளவு தடித்த உறை. போதாக்குறைக்கு அந்த உறையை அது உதிர்த்துக்கொண்டே இருக்கும். நம் எதிர்ப்பொருள்கள் உதிர்ந்த உறையைப் பிடித்துக்கொண்டு வீணாகின்றன.

2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 21 வகை ஊசியைப் பெரியவர்களை மனத்தில் வைத்தே செய்தார்கள். குழந்தைகளின் ஊசியால் ஏற்கெனவே குறைந்துபோன வகைகள் சிலவற்றை விட்டுவிட்டு, மற்ற எந்த நிமோகாக்கஸ் ஊசியிலும் இல்லாத எட்டு வகைகளைச் சேர்த்தார்கள். மருந்துக்கு அடங்க மறுக்கும் 35பி அந்த எட்டில் ஒன்று. விட்டுவிட்டவற்றில் 4-ஆம் வகையும் உண்டு. ஆனால் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகள் சிலவற்றில், வீடில்லாமல் தெருவில் வாழும் பெரியவர்களிடையே அதே 4-ஆம் வகை மறுபடி பரவியிருக்கிறது. அங்கெல்லாம் மருத்துவர்கள் 21-ஐ விட்டு, 4-ஆம் வகை உள்ள 20 வகை ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே உங்கள் மருத்துவரிடம் எண்ணைக் கேட்காதீர்கள் தாத்தா. ‘நம் பக்கம் இப்போது எந்த வகைகள் நடமாடுகின்றன, அவை இந்த ஊசியில் இருக்கின்றனவா?’ என்று கேளுங்கள்.